ஹவ்வாவின் ஆற்றுத் திட்டு

1976 பெப்ரவரி 8, ஞாயிறு

ஆறு நன்றாக வற்றிவிட்டது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அக்கரைக்கே நடந்து போகலாம். சந்திரகாந்தா இன்று அப்படித்தான் வந்தாள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அவர்கள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம். மழைக்காலத்தில் கூப்பிட்டுப் பேசிக்கொள்வோம். கோடையில் நேரில் வருவாள்.

ஹவ்வா விடிந்ததிலிருந்து திட்டில் இருக்கிறாள். ஆற்றின் நடுவில் கும்புக் மரம் நிற்கும் அந்த மணல் திட்டு அவளுடைய தோட்டம். வெள்ளம் வடிந்ததும் வண்டல் படிந்து கறுப்பாகக் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் பயற்றை, பூசணி, கெக்கிரி எல்லாம் போடுவாள். போன மாதம் ஊன்றிய பயற்றை இப்போது கம்பில் ஏறத் தொடங்கியிருக்கிறது.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். ஐந்து வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சும் நின்றுவிட்டது. கையால்தான் பேசுவாள். மாமி இருந்தவரை மாமிக்கு அந்தக் கைப்பேச்சு முழுக்கத் தெரியும். மாமி மவுத்தான பிறகு இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான். இவருக்குத் தெரியாது. தங்கையிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் உரக்கக் கத்துவார். அது முடியாவிட்டால், "ஸரீனா, இவட்ட சொல்லு" என்பார்.

பெப்ரவரி 15

பள்ளிவாசலில் கூட்டம். ஆண்கள் போனார்கள். வந்து இவர் சொன்னதை எழுதுகிறேன். மகாவலியைப் பொல்கொல்லையில் மறித்து, மலைக்குள்ளால் சுரங்கம் வெட்டி, அந்தத் தண்ணீரை நம் சுது கங்கைக்குத் திருப்பப் போகிறார்களாம். இரண்டு மூன்று வருடமாகக் கேள்விப்படுகிற கதைதான். இப்போது வேலை முடிந்துவிட்டது. இனிக் கோடையிலும் ஆறு நிறைய ஓடும்.

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனி ரெண்டு போகமும் வெளையும் பாரு. கோடையில வயல் வெடிச்சிப் போறத்த இனி காண மாட்டோம்."

தண்ணீர் திறந்துவிடும் முன் சந்தியில் கம்பத்தில் கட்டியிருக்கிற சங்கு ஊதுமாம். சத்தம் கேட்டதும் ஆற்றில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஏறிவிட வேண்டும்.

சங்கு ஊதினால் ஹவ்வாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சோறு தின்னும் கை அப்படியே நின்றது. பிறகு, "அவ இனி ஆத்துக்குப் போகத் தேவல்ல" என்றார். அவ்வளவுதான்.

பெப்ரவரி 17

இன்று ஹவ்வாவுக்குச் சொன்னேன். மலைக்கு ஒரு கை, மலைக்குள் ஓட்டைக்கு ஒரு விரல், அதற்குள்ளால் தண்ணீர். பாடசாலையில் நான் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள். மலைக்குள் தண்ணீர் எப்படி வரும்? உனக்குப் பைத்தியமா?

நான் திரும்பவும் சொன்னேன். கோடையில் ஆறு எப்படி இருக்கும் என்று அவள் எனக்குச் சொல்லித் தந்தாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. கணுக்கால் அளவு. இவ்வளவுதான்.

பெப்ரவரி 29

பூசணி பூத்திருக்கிறது. ஒரு பூவைக் கிள்ளி வந்து என் மேசையில் வைத்தாள்.

மார்ச் 12, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் அறிவித்தார்களாம். இருபதாம் திகதி சனிக்கிழமை காலையில் முதன்முறையாகத் தண்ணீர் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு மூடிவிடுவார்கள்.

ஹவ்வாவுக்குத் திரும்பவும் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை. தலையை ஆட்டினாள். பயற்றங்காய் இன்னும் முற்றவில்லை என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 19

நாளைக்கு ஆற்றில் இறங்கக் கூடாது என்று கையைப் பிடித்துச் சொன்னேன். சரி என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ். எல்லோரும் இருக்கிறோம். அதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

காலையில் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் சந்தியில், எங்கள் கடையில். ஹவ்வா பாயில் இல்லை. கிணற்றடியில் இருப்பாள் என்று நினைத்தேன் — ஏன் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை?

சங்கு ஊதியது. மாடு கதறுகிற மாதிரி நீளமாக. பின்கதவு வழியாக ஆற்றைப் பார்த்தேன். திட்டில் அவள். முதுகு எங்கள் பக்கம். குனிந்து காய்களைப் பறித்துப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். "ஹவ்வா! ஹவ்வா!" என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன்? இவரைச் சொல்வேனே, நானும் அதைத்தான் செய்தேன். அக்கரையில் சந்திரகாந்தாவும் கத்தினாள். பிறகு அவளுக்குத்தான் புத்தி வந்தது. வயல் வரப்பிலிருந்து மண்ணாங்கட்டிகளை எடுத்து எறியத் தொடங்கினாள். ஒன்று தண்ணீரில். ஒன்று மரத்தில். ஒன்று கூடையில் விழுந்தது. ஹவ்வா கோபமாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சந்திரகாந்தா இரண்டு கையாலும் ஆற்றின் மேல் பக்கத்தைக் காட்டினாள்.

அதற்குள் நான் ஆற்றில் இறங்கிவிட்டேன். முதலில் முழங்கால். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்பு. தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. வெள்ளத்தைப்போல இரைந்து வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கல் வழுக்கிக் கால் போய்விட்டது. வாய்க்குள் தண்ணீர். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

என் கையை யாரோ பிடித்தார்கள். ஹவ்வா. அவள் கூடையை விட்டுவிட்டு எனக்காக ஆற்றுக்குள் வந்திருந்தாள். காப்பாற்றப் போனது நான், இழுத்துப்போனது அவள். தண்ணீரில் கால் எங்கே வைக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். திட்டில் என்னை ஏற்றி, கும்புக் மரத்தின் கிளையில் தள்ளி ஏற்றினாள். பிறகு தானும் ஏறினாள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தண்ணீர் திட்டை மூடியது. பயற்றங்கம்புகள் கொஞ்ச நேரம் நின்று ஆடின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பூசணிக்காய்கள் மிதந்து போயின. ஹவ்வா அழவில்லை. கையால் மலையைக் காட்டி, ஓட்டையைக் காட்டி, என்னைக் காட்டினாள். நீ சொன்னது உண்மை.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. சந்தியிலிருந்து ஆட்கள் லொறிக் கயிற்றோடு வந்தார்கள். இவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். நீச்சல் தெரியாத மனிதன். தண்ணீர் கழுத்துவரை. வாய் மூடவில்லை. "ஹவ்வா! ஹவ்வா!" வருகிற வழியெல்லாம் அதே சொல். மரத்தைப் பிடித்த பிறகும் நிறுத்தவில்லை.

நாங்கள் கரையேறியதும் சந்திரகாந்தா அக்கரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்து அழுதாள். நான்தான் அவளுக்குக் கை காட்டினேன், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று.

மார்ச் 23

ஹவ்வா தன் அண்ணனைப் பற்றிக் கையால் கேட்டாள்: "நானா தண்ணிக்குள்ள வாய தொறந்து தொறந்து மூடினாரே, என்ன சொன்னாரு?"

அவளுடைய பெயருக்கு மாமி ஒரு அடையாளம் வைத்திருந்தார், தாடை நடுவில் உள்ள நாடிக்குழியை விரலால் தொடுவது. நான் நாடியைத் தொட்டேன். திரும்பவும் தொட்டேன். திரும்பவும்.

அவள் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 4

ஆற்றுக்கு இறங்கும் பின்கடப்புக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். திறப்பு அவருடைய சட்டைப்பையில். "எனக்கு இரிக்கிறது ஒரு தங்கச்சிதான்" என்கிறார். என்ன சொல்ல? அவர் பயம் எனக்குத் தெரிகிறது. ஆறும் இப்போது தினமும் ஏறி இறங்குகிறது.

ஆனால் ஹவ்வா சாப்பிடுவதில்லை. சும்மா கடப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் 11

இன்று ஒரு விறகுக்கட்டையை எடுத்துக் கடப்பில் அடித்தாள். அடி அடியென்று ஊரே கேட்க அடித்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்காது, எங்களுக்கு நெஞ்சுக்குள் கேட்டது. இவர் கடையிலிருந்து ஓடி வந்தார். "ஏய்! நிப்பாட்டு! ஊர் சிரிக்கும்!" என்று கத்தினார். அவள் திரும்பி நின்றுகொண்டாள். அவள் முதுகைக் காட்டினால் போதும், எங்கள் பேச்சு எல்லாம் முடிந்துவிடும்.

அந்த முதுகோடு அவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தார். குரல் தணிந்துகொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது.

குசினிக்கு வந்தார். முகம் என்னவோபோல இருந்தது. "ஸரீனா. தண்ணிக்கு எப்பிடிக் கை காட்டுற?"

செய்து காட்டினேன். விரல்களை விரித்து அலைபோல அசைக்க வேண்டும். தடித்த விரல்களால் செய்து பார்த்தார். "பயத்துக்கு?" அதையும் காட்டினேன்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில்! கோபம் வந்தது. பிறகு, இப்போதாவது கேட்டாரே என்றிருந்தது.

ஏப்ரல் 12

காலையில் கடப்படியில் அவளுக்கு முன்னால் போய்க் குந்தினார். தண்ணீர். பயம். எனக்கு. மூன்றே சொல். அதிலும் பயத்தைப் பிழையாகக் காட்டினார். அது வயிற்றுவலிபோல இருந்தது. ஹவ்வா அவருடைய கையைப் பிடித்து நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து வைத்தாள். இப்படி.

இன்று சோறு தின்றாள். இரண்டு தரம் போட்டுக்கொண்டாள்.

மே 2

சந்திரகாந்தா சுற்றி வரும் பாதையால் நடந்து வந்தாள். ஆற்றில் இனிமேல் நடந்து வர முடியாது. வந்தது சும்மா இல்லை. இவரிடம் நேரே சொன்னாள்: "முதலாளி, அவள பூட்டி வைக்க வேணாம். சங்கு எனக்குக் கேக்கும்தானே? கேட்ட ஒடனே எங்க பக்கத்துக் கொடியில செவப்புத் துணி போடுறேன். அவளுக்குக் கண்ணு இருக்கு."

இவர் யோசித்தார். "நீ வீட்டுல இல்லாத நாளு?"

"நான் இல்லாட்டி எங்க அம்மா. அம்மா எங்க போக?"

சிரித்துவிட்டார். கூட்டம் நடந்த நாளுக்குப் பிறகு இவர் சிரித்துப் பார்க்கவில்லை.

மே 9

மிளகுக்கொடி போட வைத்திருந்த மேல்கரை நிலத்தை ஹவ்வாவுக்குக் கொடுத்துவிட்டார். திட்டு போய்விட்டது, அது இனி வராது. ஆனால் இந்த இடத்துக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறாது. வாளியால் மொண்டு ஊற்றக்கூடிய உயரம். இரண்டு நாளாக அண்ணனும் தங்கையும் அங்கேதான் கொத்துகிறார்கள். கடைக்கு ஆள் வந்து வந்து திரும்புகிறது.

திட்டு மண்போல இல்லை என்று ஹவ்வாவுக்குக் குறை. மண்ணைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இருந்தாலும் விதைத்திருக்கிறாள்.

ஜூன் 6

சங்கு. துணி. ஹவ்வா வாளியோடு ஏறி வந்தாள், ஒரு அவசரமும் இல்லாமல். நான்தான் பின்கதவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 25

இந்த மாதத்தில் இப்படி ஒரு ஆற்றை நான் பார்த்ததில்லை. வயல் எல்லாம் பச்சை. ஊரில் எல்லோரும் மலைக்குள்ளால் வந்த தண்ணீர் என்று பெருமை பேசுகிறார்கள். ஹவ்வாவும் பேசுகிறாள். தோட்டத்துப் பக்கம் விறகு பொறுக்க வருகிற நல்லம்மாவுக்கு மலை, ஓட்டை, தண்ணீர் என்று காட்டிக்கொண்டிருந்தாள். நல்லம்மா நம்பவில்லை.

ஓகஸ்ட் 14

கும்புக் மரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருக்கின்றன. திட்டில் ஆள் நடமாட்டம் இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று பாடசாலை விடுமுறை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 5, ஞாயிறு

நோன்பு. கஞ்சி காய்ச்சினேன். மேல்கரையில் பறித்த பயற்றங்காயைப் பொரித்து, கெக்கிரியும் வெட்டி வைத்தேன். சந்திரகாந்தா வீட்டுக்கு ஒரு கோப்பை கஞ்சி அனுப்பினோம்.

நோன்பு திறந்து தொழுதுவிட்டு வந்தேன். விளக்கடியில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் கையால் என்னவோ கேட்டார். ஹவ்வா நீளமாகப் பதில் சொன்னாள், அவ்வளவு வேகமாக. எனக்கே பாதிதான் பிடிபட்டது. இவர் ஒன்றும் விளங்காமல் விழிப்பார், என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. ஒரு விரலைத் தூக்கி, நிறுத்து, திரும்பச் சொல் என்றார். அவள் திரும்பச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன கத?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லவில்லை. கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நான் குசினிக்கு வந்துவிட்டேன்.