ஓய்வுநாளில் எழுதியது

நுகுஅலோபா, திங்கட்கிழமை

அன்புள்ள லுபே,

கடவுள் உன்னை நலமாக வைத்திருப்பார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்; இந்த எழுத்தெல்லாம் நானே எழுதியது.

நேற்று ஆராதனை முடிந்ததும் கிடங்கு வாசலில் உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கினேன். எழுதுவதும் வேலைதான் என்பது சந்தோஷத்தில் உறைக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார்.

“மன்னர் இந்த டோங்கா மண்ணைக் கடவுள் கையில ஒப்படைச்சுத்தான் நாட்டையே உண்டாக்கினார். ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சா சிறை. தெரியாதா பெரியவரே?”

சிறைக்குப் போனால் இந்தக் கிடங்குக் காவல் வேலை போய்விடும்.

“வேலை இல்லீங்க ஐயா. பொண்டாட்டிக்குக் கடுதாசி.”

“வேலை இல்லேன்னா ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?”

நீ எந்தத் தீவில் இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னதும் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்கம்மா கலோலைனும் அங்கதான். நான் நல்லா சாப்பிடுறேன்னு ஒரு வரி சேர்த்துக்கங்க.”

அந்த வரியை அங்கேயே எழுதினேன்; அந்தத் தாளும் இதோடு இருக்கிறது. முடியும்வரை அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கலோலைனிடம் சொல்லிவிடு.

ஆலயத்துக்கு மரியாதையாகக் கட்டிப் போகும் என் இடுப்புப் பாய் கிழிந்துவிட்டது. வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் தனியாக நிற்கிறேன். புதிதாக ஒன்று பின்னி அனுப்பு.

பயம் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுதிய தாள் இதில் இருப்பதால், முன்பு போல இதைப் போதகரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. மருமகள் சேலா வாசிக்கட்டும், கதவைச் சாத்திக்கொண்டு.

உன் மலகாய்