செவ்வாய்க்கிழமை ஸ்லைடுகள்

டத்தோ கிராமாட், பினாங்கு
7.2.1999

அன்பு மருமகள் அருந்ததிக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று உன்னை விமானம் ஏற்றிய அன்றே எனக்குத் தெரியும். உன் அம்மாவிடமும் சொன்னேன். இல்லை என்பாள், நம்பாதே.

நோயாளிகள் இருபது பேர், நல்ல உடம்புக்காரர்கள் இருபது பேர். அவர்கள் ரத்தத்தில் எந்த ஜீன் கூடுதலாக வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று சாப்ட்வேரில் கணக்குப் போட்டாய். நானூறு ஜீன் மாட்டியது. வேறு ஆட்களின் ரத்தத்தில் பார்த்தால் ஒன்றுகூட நிற்கவில்லை. ஏப்ரலுக்குள் சரியாகாவிட்டால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும், ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று அழுது எழுதியிருக்கிறாய்.

பாயான் லெப்பாஸில் எங்கள் பேக்டரியில் போன வருடம் இதே கூத்து. சோதனையில் சிப் கூடை கூடையாகத் தோற்றது. எஞ்சினியர்கள் சிப்பைத் திட்டினார்கள். பஸ் ஓட்டுகிறவன்தானே என்று நினைக்காமல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ராமதாஸ், நீங்க கொஞ்சம் பாருங்க லா" என்றார். ஒரே கேள்விதான் கேட்டேன்: "இதெல்லாம் எந்தக் கிழமை டெஸ்ட் பண்ணது?" விஷயம் உடைந்துவிட்டது. மெஷின் சரியாகச் சூடேறாத நாட்களில் சோதித்த சிப்தான் அத்தனையும்.

நீயும் கிழமையைப் பார். கோழி சூப் குடி.

எல்லாம் முன்னரே அறிந்த மாமா,
ராமதாஸ்

எடின்பரோ
21.3.1999

அன்பு மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு என் நோட்டைப் புரட்டினேன். நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்த கண்ணாடி ஸ்லைடுகளில் பெரும்பாலானவை செவ்வாய்க்கிழமை செய்தவை, மற்றவர்களுடையவை வெள்ளிக்கிழமை. சாப்ட்வேர் வரைந்த படத்தில் ஆளுக்கொன்றாக இருந்த நாற்பது புள்ளிகளுக்கும் கிழமைப்படி நிறம் கொடுத்தேன். சாப்ட்வேர் இத்தனை நாளும் அழகாகப் பிரித்துக் காட்டியது நோயை அல்ல மாமா, கிழமையை.

நல்லவேளை, இரண்டு நாளிலும் இரு தரப்பாரும் கொஞ்சம் கலந்திருந்தார்கள். கிழமையையும் கணக்கில் சேர்த்து மறுபடி ஓட்டினேன். நானூறு போய் ஒன்பது மிஞ்சியது. அதில் ஏழு புது ரத்தத்திலும் நிற்கிறது. உபகாரச் சம்பளத்தை நீட்டித்துவிட்டார்கள்.

பேராசிரியரிடம் உங்கள் கதையைச் சொன்னேன். எங்கள் கட்டுரையின் நன்றிப் பகுதியில் உங்கள் பெயரைப் போடச் சொல்கிறார். முழுப் பெயர் எழுதுங்கள். அம்மா நம்ப மாட்டார், அச்சிலேயே காட்டுகிறேன்.

அன்புடன்,
அருந்ததி

டத்தோ கிராமாட்
4.4.1999

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை என் பஸ்ஸில் வேலைக்கு வரும் பேக்டரிப் பெண்கள் எல்லாருக்கும் மலாயில் படித்துச் சொன்னேன். கைதட்டினார்கள். முன் சீட்டில் நோர்மா, சிப் சோதிக்கிற பெண், கடைசியாக எழுந்தாள். "பாகுஸ் லா, அபாங்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நல்லது அண்ணே என்ற அந்த ஒரு சொல் அன்று முழுக்க என்னோடு பஸ்ஸில் வந்தது.

போன வருடம் மேனேஜர் என்னைக் கூப்பிடவே இல்லை. பஸ் டிரைவரை உள்கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். கிழமையைக் கேட்டது நோர்மா. தோற்ற சிப்பின் தேதிகளைத் தன் டைரியில் குறித்து வைத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் என் பஸ் தாமதமான நாட்கள். அந்தக் கிழமைகளில் நான் ரொட்டி சானாய் சாப்பிட வழியில் வண்டியை நிறுத்துவேன். அந்தப் பெண்கள் ஓடிப்போய், மெஷின் சூடேறுமுன் வேலையைத் தொடங்குவார்கள். மேனேஜரிடம் அவள் கிழமையை மட்டும் சொன்னாள். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் நிறுத்துவதில்லை.

அச்சில் அவள் பெயரைப் போடு: நோர்மா பிந்தி யூசுப். அவளிடமே கேட்டு எழுதியிருக்கிறேன். எதற்கு என்றாள், சொன்னேன். சிரித்தாள்.

மற்றபடி நான் எழுதியதெல்லாம் உண்மை. மெஷின் சூடேறாமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அதற்கு நன்றி எதுவும் வேண்டாம்.

மாமா,
ராமதாஸ்