செத்த கல்

அன்பு அண்ணே,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: 'அண்ணன் செய்வது சரி. வேறு தேசங்களிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள். நான் படித்தேன்.'

தாடிக்கொம்பு ரோட்டில் பழைய அரிசி மில்லை இடித்துவிட்டு அங்கேயே குடோன் கட்டும் வேலை உனக்கு வந்திருந்தது. போரில் நொறுங்கிய நகரங்களில் இடிபாட்டையே உடைத்துப் புதுக் கட்டடத்துக்குப் போட்டார்கள் என்று நூலகப் புத்தகத்தில் படித்து வந்து உன்னிடம் சொன்னவள் நான்தானே. நீ கேட்டதோடு நிற்கவில்லை. பழைய கான்கிரீட்டை உடைத்துச் சலித்தாய். தூணுக்கு வேண்டாம், தரைக்கு அடியில் போடலாம் என்று குவித்தாய். "பழைய கல்லு தண்ணி குடிக்கும் தாயி. முதல்லயே குடிக்கக் குடுத்துட்டா சிமெண்டுத் தண்ணியத் திருடாது" என்று சொல்லி நனைத்து வைத்தாய். மலைக்கு வெடி வைக்க வேண்டாம், லாரி ஓட வேண்டாம், இடிபாட்டைக் குளத்தில் கொட்ட வேண்டாம் என்று வீட்டிலும் அதே பேச்சு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகவும் அதையே வைக்கட்டுமா என்று அண்ணி கேட்டாள்.

நான் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரத்தில்தான் மில்காரர் வந்தார். இடிந்த கட்டடத்துக் கல் செத்த கல், அதைப் புதுசில் போட்டால் தொழில் விளங்காது என்றார். கூட வந்த அவர் மச்சினன், "என்ன மேஸ்திரி, கல்யாணப் பந்தியில பழைய சோத்தப் போடப் பாக்குறீக?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"நீ படிச்சதச் சொல்லு தாயி."

அத்தனை ஆண்கள் முன்னால் நான் தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ செத்த நேரம் காத்திருந்தாய். பிறகு, "சரிங்கய்யா, புது ஜல்லியே வாங்கியாரேன்" என்றாய். என் மேல் கோபமே வரவில்லையா உனக்கு?

அன்று சாயங்காலமே குவாரிக்குப் போனாய். திரும்பும்போது ஜல்லியின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறாய். வளைவில் லாரி கவிழ்ந்தது.

அண்ணி சின்னாளப்பட்டியில், அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். உன் பாப்பா நடக்கிறாள். யாராவது மண்வெட்டியோடு போனால் பின்னாலேயே ஓடுகிறாளாம். அவளிடம் உன்னைப் பற்றி என்ன சொல்வது?

போன வாரம் நம் தெருவில் ஒரு வீட்டை இடித்து, கான்கிரீட்டைக் குளத்து வாய்க்காலில் கொட்ட வந்தார்கள். உடைத்துத் தெருப் பள்ளத்துக்குப் போடலாமே என்று கேட்டேன். குரல் நடுங்கியது. இரண்டு வண்டி கொட்டிய பிறகு, மூன்றாவதைத் தெருவுக்குத் திருப்பினார்கள். இனி யார் முன்னாலும் சொல்வேன் அண்ணே. நடுங்கினாலும் சொல்வேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. லாரியோடு கவிழ்ந்த ஜல்லியைச் சாவு பார்த்த கல் என்று மில்காரர் உள்ளேயே விடவில்லை. வேலை நிற்கக் கூடாதென்று, அடுத்து வந்த மேஸ்திரி நீ உடைத்து வைத்த குவியலையே தரைக்குப் போட்டார். இந்த முறை மில்காரர்கூடத் தடுக்கவில்லை. தரை கெட்டியாக இருக்கிறது.

உன் தங்கச்சி