பிரபு பேசிய வசனம்

பிரிக்ஃபீல்ட்ஸ்
2 மார்ச் 2025

அன்புள்ள மகள் புனிதாவுக்கு,

நேற்று உன் நாடகத்தில் என் மானம் போனது. முன்னூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒருவன் மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தானே, அந்த எருமை நான்தான். பக்கத்தில் இருந்த பெண் திரும்பி, "அங்கிள், இது சிரிக்கிற இடம் இல்ல லா" என்றாள்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரர் நாடகத்தை நீ தமிழில் போடுகிறாய் என்றதும், பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவனுக்கு என்ன புரியும் என்றுதான் வந்தேன். நன்றாகவே புரிந்தது. அதில் வரும் பிரபு ஊர் மேய்கிறான். விருந்தில் அவனுக்கு முதல் நாற்காலி. அவன் மனைவி யாரோ ஒருவனோடு தேநீர் குடித்தாள், அவளுக்கு எல்லாரும் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்போது பிரபு சொல்கிறானே, "ஆம்பளை வழி தவறினா அனுபவம், பொம்பளை வழி தவறினா அவமானம்" என்று? அதற்குத்தான் சிரித்தேன். என்ன பேச்சு! யார் எழுதியது?

போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் தபால். நெத்திலி சம்பல் செய்தேன். உன் அம்மா கைப்பக்குவம் வரவில்லை.

அன்புடன்,
அப்பா பாலன்

பங்சார்
6 மார்ச் 2025

அப்பா,

அந்த வசனம் ஆங்கில நாடகத்தில் இல்லை. அது நீங்கள் பேசியது. நம் வீட்டு ஹாலில். எனக்கு அப்போது ஒன்பது வயது, கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

டெங்கிலில் உங்களுக்கு ஒருத்தி இருந்தது எல்லாருக்கும் தெரியும். "லோரி ஓட்டுறவன் அப்படி இப்படித்தான் இருப்பான், விடுங்க லா" என்றார் கார்த்திகேசு பெரியப்பா. அடுத்த வருஷம் அம்மா, மஸ்ஜித் இந்தியா தெருத் துணிக்கடையில் கூட வேலை செய்தவரோடு ஒரு படம் பார்த்தார். ஒரே ஒரு படம். அன்றைக்குத்தான் அதைச் சொன்னீர்கள். பெரியப்பா சிரித்தார், சித்தப்பாவும் சிரித்தார். அம்மா பையை எடுத்துக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினார். திரும்பி வரவே இல்லை.

சொன்னதே உங்களுக்கு மறந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

15ஆம் தேதி கடைசிக் காட்சி. அம்மா வருகிறார். பக்கத்து இருக்கை உங்களுக்கு. தப்பு உங்களுடையது என்று அவரிடம் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். முடியாதென்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

புனிதா

பிரிக்ஃபீல்ட்ஸ்
16 மார்ச் 2025

புனிதாம்மா,

வந்தேன். பாத்திக் சட்டைப் பொத்தான் என் வயிற்றோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தது. உன் அம்மாவுக்கு முழுக்க நரைத்துவிட்டது. "நல்லா இருக்கீங்களா?" என்றாள், பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதுபோல.

பிரபு அந்த வசனத்தைச் சொன்னான். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. உன் அம்மா புஷ்பாதான் சிரித்தாள், சத்தமில்லை, மூக்கால் ஒரு மூச்சு. "உங்க ஜோக்குக்கு இன்னும் கைதட்டுறாங்க" என்றாள்.

வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "ஏசி ரொம்ப குளிருதா?"

"இல்ல. பழகிடுச்சு."

விளக்கு எரிந்ததும் கிராப் டாக்சி வந்துவிட்டது என்று எழுந்துவிட்டாள். கூடவே போனேன். கார் கதவைச் சாத்தி விட்டதும் நான்தான்.

எழுத வேண்டாம் என்றாய். சரிம்மா. நாற்பது வருஷம் ஊரையே சிரிக்க வைத்த வாய்க்கு ஒரு வரி வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

தொண்டையில் நின்றது இவ்வளவுதான்: "புஷ்பா, வழி தவறினது நான். வெளியே போயிருக்க வேண்டியவனும் நான்தான்."