சாரல் குரூப்பில் உன் பெயர்

இன்று காலை தென்காசியில் சாரல் இறங்கிவிட்டது. ஜன்னல் வழியே தூவானம் அடித்து கீபோர்டெல்லாம் ஈரம். அலமாரியைத் திறந்து உன் மஞ்சள் துண்டை எடுத்தேன். மழை வந்தால் கம்ப்யூட்டர் மேல் போர்த்த நீ வைத்திருந்தாயே, அதேதான். இன்னும் உன் தேங்காய் எண்ணெய் வாடை போகவில்லை. துடைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மெயில் நிற்கிறது. ஆஸ்பத்திரித் திரைகளைத் திறக்க அனுமதி தரும் சாரல் குரூப்பின் பொறுப்பாளர் பணியில் இல்லையாம். குரூப் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் காரணம் எழுத வேண்டுமாம், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்களாம். பொறுப்பாளர் நீ. பணியில் இல்லை என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறது பார்.

மாசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஹெச்.ஆர். உன் பதிவில் இறந்த தேதி போட்ட கால் மணி நேரத்தில், பதினான்கு குரூப்பிலிருந்து உன் பெயரை, நான் கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்த ரூல் தானாகவே எடுத்துவிட்டது. ஒரு பிசகும் இல்லை. அவ்வளவு நன்றாக அது என்றைக்குமே வேலை செய்ததில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் பத்து வருஷம் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. யார் எந்தத் திரையைத் திறக்கலாம் என்பது உன் பாடு. புது நர்ஸ் வந்தால் வார்டு குரூப்பில் சேர்ப்பாய். லேபுக்கு மாறினால் அங்கே எடுத்து இங்கே போடுவாய். காதில் போன் இல்லாமல் உன்னை நான் பார்த்ததில்லை. "ஏ தாயி, நீ இப்ப எந்த வார்டுல இருக்கே?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாய். எனக்குத் தலை வலிக்கும்.

அதனால்தான் அந்த ரூலை எழுதினேன். ஹெச்.ஆர். பதிவில் எந்த இடம் இருக்கிறதோ அந்த இடத்துக் குரூப். பதிவு மாறினால் குரூப்பும் தானாக மாறும். கையால் யாரையாவது சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் தூக்கி எறியும். நான் பெருமையாகக் காட்டினேன். நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துவிட்டுச் சொன்னாய்: "பதிவுல இருக்கது ஆளு இல்லட்டி. ஆளு பஸ்ல குத்தாலம் போயிட்டிருப்பா."

எனக்கும் தெரியும். சீசன் வந்தால் சனி ஞாயிறு நம் ஆஸ்பத்திரியின் குற்றாலம் கிளினிக்கில் கூட்டம் தாங்காது. நர்சிங் சூப்பரண்டு இங்குள்ள பிள்ளைகளைப் பார்த்து, "நாளைக்கு அங்கன போயிருங்க" என்பார். அவ்வளவுதான் ஆர்டர். தாள் கிடையாது, பதிவு கிடையாது. ரெண்டு நாள் விஷயம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ரூல் வந்த முதல் சீசனில், ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல நீ ஐந்து பேரைக் குற்றாலம் குரூப்பில் சேர்த்தாய். ஒரு மணி நேரத்தில் என் ரூல் ஐந்து பேரையும் எடுத்துவிட்டது. சனிக்கிழமை மதியம் அருவியில் குளித்த பெரியவர் ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். சுந்தரபாண்டியபுரத்துக்காரர், நம் ஆஸ்பத்திரியில் முன்பே வைத்தியம் பார்த்தவர். அங்கே போயிருந்த ஒரு நர்ஸ் உனக்குப் போன் போட்டு அழுதாள். "ஏதோ ஊசி ஒத்துக்கிடாதுன்னு சொல்லுதாருக்கா, எதுன்னு தெரியல. அவரு பழைய குறிப்பு இருக்க திரையைத் தொட்டா அனுமதி இல்லங்குது." நீ ரூலை நிறுத்தினாய், பெயர்களைச் சேர்த்தாய், திரை திறக்கும்வரை போனை வைக்கவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நிர்வாகி கூப்பிட்டு, குரூப் பட்டியல் யார் பொறுப்பு என்று கேட்டார். அப்போது என் கான்ட்ராக்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன், "லிஸ்ட் இவதான் சார் பாக்குதா." மெமோ உன் பெயருக்கு வந்தது. வெளியே வந்து நீ சொன்னது இவ்வளவுதான்: "சரி விடு. வா, டீ குடிப்போம்." டீக்கும் நீயே காசு கொடுத்தாய். திட்டியிருக்கலாமே ஏட்டி, நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே.

அதற்குப் பிறகுதான் ரூல் தொடாத ஒரு குரூப்பை உண்டாக்கி, சாரல் என்று பெயர் வைத்தாய். சீசன் வெள்ளிக்கிழமைகளில் போன் போட்டு ஆள் சேர்ப்பாய், திங்கட்கிழமை எடுப்பாய். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் பெயர் வருமே.

மதியம் புது மேனேஜர் வந்தார். "இந்த குரூப் எதுக்கு மேடம்? அதான் ரூல் இருக்குல்லா?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை என்பதற்காக ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று அலுத்துவிட்டது. காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: சீசன் மாற்றம் பதிவில் வராது. நான் எழுதிய ரூல் குற்றாலம் நர்சுகளை வெளியே தள்ளியது. பட்டியலை வைத்திருந்தவள் சரியாகத்தான் செய்திருந்தாள். மெமோ எனக்கு வந்திருக்க வேண்டும்.

அவர் குனிந்து படித்தார். உன் ஃபைலிலிருந்து மெமோவை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "அவங்க ஃபைல மூடியாச்சே மேடம். இனி யாரும் தொறந்து பாக்கப் போறதில்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. "அப்ப எனக்கு ஒரு மெமோ அடிங்க" என்றேன். அவர் போய்விட்டார்.

குற்றாலத்துக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு நாலு பெயரைச் சேர்த்தேன். பொறுப்பாளர் இடத்தில் என் பெயரைப் போட்டேன். பட்டியலின் மேலே, பழையதில் உன் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. இந்தக் குரூப்பை ரூல் தொடாது, நீ அப்படித்தான் செய்து வைத்திருக்கிறாய். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, உன் பெயரை நானே என் கையால் எடுத்தேன்.