எந்தக் கிதாபில் இருக்கிறது?

கட்டுகஸ்தோட்டை,
வியாழக்கிழமை.

அன்பு வாப்பாவுக்கு மகளின் ஸலாம். நான் சுகம். உங்கள் கால் எரிவு குறைந்ததா?

பெரிதாக ஒன்றுமில்லை வாப்பா. போன கிழமை ஐந்தாம் வகுப்புக்கு, நபி சொன்னதென்று ஒரு ஹதீஸ் படிப்பித்தேன். ஒரு துஆவை ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் கூடும் சீனி வருத்தம் தீருமென்று. நேற்று பஸ்னா என்ற பிள்ளை வந்து, "டீச்சர், உம்மா மாத்திரைய உட்டுட்டாங்க. இப்ப தலசுத்திப் படுத்தீக்குறாங்க. அது எந்த கிதாபுல ஈக்கி?" என்றாள்.

மௌலவியிடம் ஓடினேன். எந்தக் கிதாபிலும் இல்லையாம். பஸ்னாவின் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், இப்போது சுகம். ஆனால் நபியின் பெயரால் பொய்யைப் படிப்பித்துவிட்டேனே வாப்பா. நான் தங்கியிருக்கும் போர்டிங்கில் சொல்லி அழ ஆளில்லை.

உங்கள் அலுமாரியிலுள்ள ஹதீஸ் கிதாபுகளை இந்தக் கடிதம் கொண்டுவரும் பஸ் கொண்டக்டரிடமே கொடுத்துவிடுங்கள். இனிக் கிதாபைத் திறந்துவைத்துத்தான் படிப்பிப்பேன்.

பஸ் எடுக்கப் போகிறார்கள். இரண்டு தரம் ஃபோன் எடுத்தும் இதைக் கேட்க வாய் வரவில்லை. அந்த ஹதீஸ் எனக்கு உங்கள் வட்ஸ்அப்பிலிருந்துதான் வந்தது. வாப்பா, நீங்கள் சீனி மாத்திரையை விடவில்லைதானே?

மகள்,
நஸ்லியா