அஞ்சலைக்காக நான் இருந்த பத்தியம்

என் அருமை அக்காவுக்கு,

எனக்குத் தலை பின்னிவிட்ட உன் கைகளை நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். நீ போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது எழுதுவது உன் மகளைப் பற்றிப் புகார் சொல்லத்தான். அஞ்சலை என்னிடம் எதையோ மறைக்கிறாள் என்று ஒரு மாதமாக எனக்குச் சந்தேகம்.

அவளைப் பெற்ற பத்தாம் நாள் நீ கண்மூடினாய். என் பையனோடு சேர்த்து அவளுக்கும் நான்தான் பால் கொடுத்தேன். அவளுக்கு மாந்தம் என்றால் மருந்தை நான் குடிப்பேன். பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும். உப்பு, புளி இல்லாமல் பத்தியமும் நானே இருப்பேன். அவள் பால் மறந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அவளுக்கு உடம்பு சுட்டால் என் கஞ்சியில் உப்பு இருக்காது. நம் உறுவையாறு ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

இந்த மழைக்காலத்தில் அவளுக்குக் குளிரோடு முறைக்காய்ச்சல் பிடித்தது. வில்லியனூர் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் கொயினா மாத்திரை கொடுத்தார். காலை ஒன்று, மாலை ஒன்று, காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது என்றார். சும்மா கொடுக்கிற மருந்தில் என்ன சூது இருக்குமோ? முதலில் ஒன்றை நானே விழுங்கிப் பார்த்தேன். காது இரண்டும் கொய்யென்று இரைந்தன. அதனால் அவளுக்கு மாலை மாத்திரை மட்டும் கொடுத்தேன். காலை மாத்திரையை உளுந்துப் பானைக்குள் போட்டுவைத்தேன்.

காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மாத்திரையை நாக்கடியில் அடக்கித் துப்புகிறாளோ என்று அவள் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். ஒருநாள் குதிருக்குப் பின்னால் கூட்டும்போது சுவரில் கரியால் கோடும் புள்ளியுமாக இருந்தது. வயசுப் பெண் எதற்கு நாள் எண்ணுகிறாள்? யார் வருவதற்கு?

"இன்னாடி இது?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா."

ஒண்ணுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் பின்னாலேயே போனேன். அங்கே எருமை மேய்க்கும் கிழவரைத் தவிர யாருமில்லை. அவரையும் ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் திரும்பினேன்.

போன வாரம் மறுபடியும் ஆஸ்பத்திரி. அவள் வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. மண்ணீரல் வீங்கிக் காய்ச்சல்கட்டி விழுந்திருக்கிறதாம். இப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்தாம்.

"மாத்திரை ரெண்டு வேளையும் குடுத்தியாம்மா?"

"தவறாம குடுத்தேன் சாமி."

அஞ்சலை நிமிர்ந்தாள். "இல்லீங்க, நானே சொல்றேன். ஒருநாள் வுட்டு ஒருநாள் குளுருது. மத்தியானம் ஆரம்பிச்சா வெளக்கு வெக்கிற வரைக்கும் இருக்கும். மாத்திர சாயங்காலம் மட்டுந்தான் குடுத்தாங்க. எல்லாம் வூட்டு செவுத்துல கோடு போட்டு வெச்சிருக்கேன்."

கோடெல்லாம் காய்ச்சல் வந்த நாள், அக்கா. புள்ளியெல்லாம் அவள் தின்ற மாத்திரை. டாக்டர் என்னைத் திட்டவில்லை. புதுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு மானமே போனது. பால் கொடுத்தவளை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று வழியெல்லாம் அவளோடு பேசவில்லை. நீ இருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

வீட்டுக்கு வந்து உப்பில்லாக் கஞ்சியோடு உட்கார்ந்தேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வேளைன்னு டாக்டர் சொன்னத நானும் கேட்டேன் சின்னம்மா. நீ எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே."

"உனக்கு இன்னாடி தெரியும்?"

"எனக்குத்தானே குளுருது?"

எழுந்து போய் உளுந்துப் பானையைத் துழாவி, எல்லா மாத்திரைகளையும் அவள் மடியில் போட்டேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஒரு சிட்டிகை உப்பை எடுத்து என் கஞ்சியில் போட்டாள்.

"காய்ச்சலு எனக்கு. நான் பாத்துக்கறேன். நீ சாப்புடு."

என் சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இனி அவள் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன், டாக்டர் கேட்டால் அவள்தான் பதில் சொல்வாள். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை. இன்று காலையிலும் பார்த்தேன். ஆறு நாளாகப் புள்ளிகள் மட்டுந்தான், ஒரு கோடுகூட இல்லை.

உப்புப் போட்டுச் சாப்பிடத் தொடங்கியிருக்கும்
உன் தங்கை